படிவம் அறுபத்தொன்று

எர்சுருமில் நவம்பரிலேயே பனி இறுகிவிடும்.
மருத்துவமனையின் மூன்றாம் மாடி,
வெப்பக்குழாய் விடிய விடிய இருமும் அறை.
அங்கேதான் நாங்கள்
வலிக்கு எண் போட்டுக்கொண்டிருந்தோம்.

முப்பத்தெட்டுக் கேள்விகள், ஜெர்மனியிலிருந்து வந்தவை.
துருக்கிக்கு மாற்றி,
மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு
மறுபடி ஜெர்மனுக்கு மாற்றி
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.
தொண்டையில் அடைத்த கட்டி
அப்படியே திரும்பி வந்தது.
போகும்போது கால் மரத்திருந்தது,
வரும்போது பாதம் மட்டும்.

முப்பத்தொன்பதாவதை டாக்டர் பெர்ரின் தானே சேர்த்தார்:
ஈரக்குலை எரிகிறதா?
ஜெர்மன்காரர்கள் இதைக் கேட்பதில்லை.
இங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவள்கூட
இரண்டு நிறுத்தம் தாண்டுமுன் சொல்லிவிடுவாள்.

வந்தவர்கள் எல்லோரும்
ரத்தம் கொடுத்தவர்கள், குழாய் விழுங்கியவர்கள்,
"எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்ற தாளோடு
வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்.
அந்தச் சுத்தத்தை மடித்துப் பையில் வைத்திருந்தார்கள்.

இல்லவே இல்லை என்றால் பூஜ்யம்.
தாங்க முடியவில்லை என்றால் நான்கு.
"ஓரளவு என்று போட்டிருக்கிறதே, யார் அளவு?"
லாரி ஓட்டும் துர்சுன் கேட்டார்,
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
தேநீரை உறிஞ்சியபடி.
உங்கள் அளவு, என்றேன்.
அதற்குமேல் நான் பேசக்கூடாது. விதி.

அறுபத்தொன்று, நெஃபிஸே. வயது நாற்பத்தேழு.
கணவர் பக்கத்து நாற்காலியில்,
அட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.
"இவளுக்கு ஒன்றுமில்லை, சும்மா படபடப்பு."
முப்பத்தொன்பது பூஜ்யம்.
தூக்கம், தலை, நெஞ்சு, முதுகு,
எல்லாவற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் டிக்,
வேலிக்கு முளை அடித்தது போல.
தாளைத் திருப்பித் தடவினேன்.
அழுத்திய இடமெல்லாம் புடைத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகள், அதே பேனா.
ஒரு கருவியை நம்பலாமா என்று
அப்படித்தான் பார்ப்பார்கள்:
அதே மனுஷி, அதே பதில் வரவேண்டும்.
அன்று பனி வாரும் வண்டி வந்து
காரை எடுக்கச் சொன்னதில்
கணவர் கீழே போனார்.
இருபது நிமிடம்.
மூன்று, நான்கு, நான்கு, இரண்டு, நான்கு.
கூட்டினால் நூற்றுப் பதினெட்டு.
முப்பத்தொன்பதில் அவளுக்கு இடம் போதவில்லை.
நான்குக்கு வலப்பக்கம்
தானே ஒரு கட்டம் வரைந்து
அதற்குள் டிக் போட்டாள்.

திரையில் எல்லாப் புள்ளிகளும் ஒரு சரிவில் ஏறின,
ஆட்டு மந்தை மேடேறுவது போல.
அவள் மட்டும் இடது சுவரோரம், உச்சியில், தனியாக.
அவளோடு சேர்த்தால் பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு.
அவள் இல்லாமல் எட்டு மூன்று.
"எடுத்துவிடு," என்றார் பெர்ரின்.
கெட்டவர் அல்ல. அவருக்கும்
கட்டுரை அனுப்பும் நாள் நெருங்கியது.

உடம்பு மாறவில்லை டாக்டர்,
நாற்காலி காலியானது,
என்று சொல்ல வாயெடுத்து
காப்பு எடுத்த கோப்பின் பெயரைச் சொன்னேன்.

முப்பத்தொன்பதாம் கேள்வியும் தேறவில்லை.
இதயத்தோடு சேர்ந்தது, வயிற்றோடும் சேர்ந்தது,
தலையோடும் தோளோடும்கூட.
ஒரு கூட்டத்தில் நில் என்றால் நிற்காதது
கணக்குக்கு ஆகாது.

கட்டுரையில் அவள் மூன்று சொல்:
ஒரு படிவம் விலக்கப்பட்டது.
மூன்றாம் முறை அவள் வரவில்லை.
திட்டத்தில் மூன்றாம் முறை கிடையாது.

அச்சுக்குப் போகுமுன்
முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
நிரப்பி முடிக்கும்வரை
உடன் வந்தவர் வெளியே காத்திருக்கவும்.
பெர்ரின் படித்தார். பேனாவை எடுத்தார்,
ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

மார்ச்சில் புதுப் படிவம் வந்தது.
முதல் நாளே ஒருவர் கதவில் கை வைத்தபடி கேட்டார்,
"என் மனைவிதானே, நான் ஏன் வெளியே?"

விதி, என்றேன்.